மருந்துக்கும் போகாத பேன்: லோஷனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சில வாரங்களுக்குப் பின், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயார் எங்கள் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மூன்று லோஷன் புட்டிகளை எடுத்து மேசைமீது வரிசையாக வைத்தார். "இருபது நாள்ல மூணு மருந்து போட்டாச்சு டாக்டர். எதுக்குமே அடங்கல. இன்னும் பலமான மருந்தா எழுதிக் கொடுங்க" என்றார். சிறுமி தலை குனிந்தபடி அமர்ந்திருந்தாள். பள்ளியில் அவளைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் தாயார் சொன்னார்.

முடியை நனைத்து, பேன் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து வாரிப் பார்த்தேன். அரை மணி நேரம் தேடியும் உயிருள்ள பேன் ஒன்றுகூட அகப்படவில்லை. முடியில் ஒட்டியிருந்தவை எல்லாம் தலைத்தோலிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. தள்ளியிருந்த வெற்று ஈர்க்கூடுகள். தலைத்தோலோ சிவந்து, செதில் உதிர்ந்து, சில இடங்களில் புண்ணாகியிருந்தது. அச்சிறுமியை அப்போது அரிக்க வைத்துக்கொண்டிருந்தது பேன் அன்று. பேனைக் கொல்லத் திரும்பத் திரும்பப் பூசிய மருந்து. அவளுக்கு நான்காவது மருந்து தேவைப்படவில்லை. மருந்தை நிறுத்துவதே அவளுக்கான சிகிச்சையாக இருந்தது.

"பிடிவாதமான பேன்" என்று எங்களிடம் வருவோரில் எல்லோருக்கும் மருந்தை எதிர்க்கும் பேன் இருப்பதில்லை. அடுத்த புட்டியை வாங்குவதற்கு முன், முதல் மருந்து ஏன் பலிக்கவில்லை என்று கண்டறிய வேண்டும். அதைக் கண்டறியும் வழியையும், மருத்துவர் எழுதித் தரும் லோஷன்களைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் முறையையும் இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

பேனின் நாட்கணக்கு

சிகிச்சை முறை முழுவதும் பேனின் வாழ்க்கைச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே சில எண்களை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

வளர்ந்த பேன் 2 முதல் 3 மி.மீ. நீளம், அதாவது ஓர் எள்ளின் அளவு இருக்கும். தலையில் ஏறத்தாழ 30 நாட்கள் உயிர்வாழும். பெண் பேன் ஒரு நாளில் 8 முட்டைகள் வரை இடக்கூடும். இம்முட்டைகளையே ஈர் என்கிறோம். தலைத்தோலின் வெதுவெதுப்பு தேவைப்படுவதால், முடியின் அடிப்பகுதியில், தோலிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் பேன் தன் ஈரைப் பசைபோன்ற ஒரு பொருளால் ஒட்டிவிடுகிறது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் ஈர் பொரிந்து குஞ்சு வெளிவருகிறது. அக்குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்க மேலும் ஏறத்தாழ 9 முதல் 12 நாட்கள் ஆகும்.

பேனுக்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. தலையோடு தலை நெருங்கும்போது முடியைப் பற்றி ஊர்ந்தே அடுத்த தலைக்குச் செல்கிறது. மனித இரத்தம் கிடைக்காமல் தலையை விட்டு விழுந்த பேன் பொதுவாக 1 முதல் 2 நாட்களுக்குள் இறந்துவிடும். தலைப்பேன் வேறு நோய்களைப் பரப்புவதில்லை. அசுத்தத்தின் அடையாளமும் அன்று. நாள்தோறும் தலைக்குக் குளிக்கும் குழந்தைக்கும் அது வரும்.

அரிப்பு என்பது பேனின் உமிழ்நீருக்கு நம் உடல் காட்டும் ஒவ்வாமை. முதன்முறை பேன் தொற்றுவோருக்கு அரிப்பு தோன்ற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுபோலவே, பேன் முற்றிலும் ஒழிந்த பின்னரும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், அரிப்பு நீடிக்கலாம். ஆகவே அரிப்பு இருப்பதை மட்டும் வைத்துப் பேன் இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

உயிருள்ள பேன் இருக்கிறதா?

மருந்து தடவுவதற்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: உயிருள்ள, நகரும் பேன் கண்ணில் பட வேண்டும். ஈர் மட்டும் தென்படுவது போதாது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஈர் முடியோடு சேர்ந்தே மேலேறும். ஆகவே தோலிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் ஈர் பெரும்பாலும் முன்பே பொரிந்த வெற்றுக்கூடாகவோ இறந்த முட்டையாகவோ இருக்கும். அச்சிறுமியின் முடியில் 2 செ.மீ. தள்ளியிருந்தவை இரண்டு மாதங்களுக்கு முந்தையவை.

பொடுகை ஈர் என்று எண்ணி மருந்து போடுவோரும் உண்டு. விரலால் தட்டினால் பொடுகு உதிரும். முடிவழியே எளிதாக நழுவும். ஈர் முடியை இறுகப் பற்றியிருக்கும். நகத்தால் இழுத்தால்தான் வரும்.

வீட்டில் சோதிக்கும் முறை இதுதான். முடியை நனைத்து, கண்டிஷனர் அல்லது சிறிது தேங்காய் எண்ணெய் தடவிச் சிக்கு நீக்குங்கள். ஈரத்திலும் வழுவழுப்பிலும் பேன் விரைந்தோட முடியாது. நல்ல வெளிச்சத்தில், பற்களின் இடைவெளி 0.3 மி.மீ.க்கு மிகாத பேன் சீப்பைத் தலைத்தோலில் படுமாறு வைத்து, முடியின் நுனிவரை ஒரே சீராக வாருங்கள். ஒவ்வொரு முறை வாரிய பிறகும் சீப்பை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுகளின் பின்புறமும் பிடரியும் பேன் மிகுதியாகத் தங்கும் இடங்கள். நீண்ட அடர்ந்த முடிக்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். நம் பாட்டிமார் திண்ணையில் பேத்தியை முன்னால் அமர்த்திப் பொறுமையாகச் செய்த அதே வேலைதான் இது. இன்றும் இதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

மருந்து ஏன் பலிக்கவில்லை? ஐந்து காரணங்கள்

1. பேனே இல்லாமல் இருப்பது. பொடுகு, பழைய ஈர்க்கூடு, மருந்தால் வந்த ஒவ்வாமை ஆகியவற்றைப் பேன் என்று எண்ணி மருந்து போடுவது.

2. தடவிய முறை தவறாக இருப்பது. இடுப்புவரை முடியுள்ள பெண் குழந்தைக்குச் சிறிதளவு லோஷனை உச்சியில் மட்டும் தேய்த்தால் பிடரிப் பேனுக்கு அது எட்டாது. ஈரமுடியில் தடவ வேண்டியதை உலர்ந்த முடியிலும், உலர்ந்த முடியில் தடவ வேண்டியதைச் சொட்டச் சொட்ட நனைந்த முடியிலும் தடவுவது மற்றொரு பிழை. பெர்மெத்ரின் லோஷனுக்கு முன் கண்டிஷனர் போட்டால் மருந்து முடியில் படியாது.

3. இரண்டாம் தவணையை விட்டுவிடுவது. பல லோஷன்கள் பேனைக் கொல்லும். ஆனால் எல்லா ஈர்களையும் கொல்லா. முதல் நாள் தலையில் இருந்த ஈர்கள் அடுத்த 7 முதல் 10 நாட்களில் பொரியும். அப்படி வெளிவரும் குஞ்சுகள் தாமும் முட்டையிடத் தொடங்கும் முன் கொல்லப்பட வேண்டும். எனவேதான் பெர்மெத்ரின் போன்ற மருந்துகளை ஒன்பதாம் நாளையொட்டி மீண்டும் தடவச் சொல்கிறோம். மூன்றாம் நாளே தடவினால் பொரியாத ஈர்கள் தப்பிவிடும். மூன்று வாரம் கழித்துத் தடவினால் அடுத்த தலைமுறை ஈர் வைத்துவிட்டிருக்கும்.

4. மீண்டும் தொற்றுவது. குழந்தைக்கு மருந்து தடவிவிட்டு, அதே பாயில் உடன் படுக்கும் அக்காளையும் பாட்டியையும் சோதிக்காமல் விட்டால், பேன் ஒரு வாரத்தில் திரும்பி வரும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியரிடம் இதை அடிக்கடி காண்கிறோம்.

5. மருந்தெதிர்ப்பு. மேற்கண்ட நான்கும் இல்லை என்று உறுதியான பின்னரே இதைக் கருத வேண்டும். பெர்மெத்ரின், பேனின் நரம்பணுக்களில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து அதை முடக்குகிறது. அவ்வாயிலின் அமைப்பில் மரபுமாற்றம் அடைந்த பேன்கள் உலகின் பல நாடுகளில் காணப்படுகின்றன. அவற்றிடம் இம்மருந்து பலிக்காது. இருமடங்கு பூசினாலும், இரவு முழுவதும் வைத்திருந்தாலும் பயன் மிகாது. குழந்தைக்கு வரும் தீங்கு மட்டுமே மிகும். வேறு வழியில் செயல்படும் மருந்துக்கு மாறுவதே தீர்வு.

மருந்தெதிர்ப்பை ஐயுறுவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. லோஷன் தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்து வாரிப் பாருங்கள். பேன்கள் இறந்திருந்தாலோ, உயிர் இருந்தும் மந்தமாக நகர்ந்தாலோ, மருந்து வேலை செய்கிறது. மீண்டும் தடவாதீர்கள், சீப்பால் அகற்றினால் போதும். முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் மருந்து பலிக்கவில்லை, மருத்துவரிடம் வாருங்கள்.

மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள்

மருந்துகளின் கிடைப்பும் அனுமதியும் நாட்டுக்கு நாடு மாறும். கீழே உள்ளது ஒவ்வொன்றின் தன்மையையும் அறிந்துகொள்வதற்காக. நீங்களே தேர்ந்து வாங்குவதற்காக அன்று.

பெர்மெத்ரின் 1%: பெரும்பாலும் முதலில் தரப்படுவது. செவ்வந்தி இனத்துப் பூக்களிலிருந்து கிடைக்கும் பைரெத்ரின் என்னும் பொருளைப் பின்பற்றிச் செயற்கையாக உருவாக்கப்பட்டது. 2 மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். கண்டிஷனர் கலவாத ஷாம்புவால் தலையை அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஈரப்பதமுள்ள முடியில் தடவி, 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். அடுத்த ஓரிரு நாட்கள் ஷாம்பு வேண்டாம். ஒன்பதாம் நாளையொட்டி இரண்டாம் தவணை. கடைகளில் கிடைக்கும் 5% பெர்மெத்ரின் கிரீம் சிரங்குக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐவர்மெக்டின் 0.5%: ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்கண்டுபிடிப்புக்காகச் சடோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தலைப்பேனுக்கான லோஷனாக அமெரிக்காவில் 2012இல் அனுமதிக்கப்பட்டது. 6 மாதத்திற்கு மேற்பட்டோருக்கு, உலர்ந்த முடியில், 10 நிமிடம். ஈரை நேரடியாகக் கொல்லாவிட்டாலும், அதிலிருந்து வெளிவரும் குஞ்சு பிழைப்பதில்லை. ஆகவே பெரும்பாலும் ஒரு தடவை போதும். மருத்துவர் சொல்லாமல் மீண்டும் தடவக் கூடாது.

ஸ்பினோசாட் 0.9%: இதுவும் மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்டது. 6 மாதத்திற்கு மேற்பட்டோருக்கு, உலர்ந்த முடியில், 10 நிமிடம். பேனோடு ஈரையும் கொல்லும். 7 நாட்களுக்குப் பின் உயிருள்ள பேன் தென்பட்டால் மட்டுமே மறுமுறை.

பென்சைல் ஆல்கஹால் 5%: நரம்பைத் தாக்காமல், பேனின் மூச்சுத் துளைகளை அடைத்துக் கொல்வது. ஈரைக் கொல்லாததால் 7 நாட்கள் கழித்து மறுமுறை தேவை. 6 மாதத்திற்கு உட்பட்ட சிசுக்களுக்கு இப்பொருள் கடும் ஆபத்து விளைவிக்கக் கூடும்.

மாலத்தியான் 0.5%: பிற மருந்துகள் பலிக்காதபோது, 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு. 2 வயதுக்கு உட்பட்டோருக்குக் கூடவே கூடாது. உலர்ந்த முடியில் தடவி, தானாக உலரவிட்டு, 8 முதல் 12 மணி நேரம் கழித்து அலச வேண்டும். இதில் எரியும் தன்மையுள்ள ஆல்கஹால் மிகுதி. ஆகவே முடி உலரும்வரை அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, சிகரெட், ஹேர் டிரையர் எதுவும் அருகில் வரக் கூடாது. தாயார் அக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு சமைக்கக் கூடாது.

லிண்டேன் (காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு) 1%: நம் நாட்டில் நெடுங்காலம் புழங்கிய மருந்து. தோல்வழி உடலுக்குள் சென்று வலிப்பை உண்டாக்கக் கூடும் என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. இன்று பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கையில், குழந்தைகளுக்கு இதை நாங்கள் விரும்புவதில்லை. பழைய புட்டி வீட்டில் இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

லோஷன்கள் பலிக்காத சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரையை மருத்துவர் தரலாம். உடல் எடையைக் கணக்கிட்டுத் தர வேண்டிய மருந்து அது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தருவதில்லை. ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை வீட்டில் உள்ள மற்றவர்கள் பகிர்ந்து உண்ணக் கூடாது.

லோஷன் தடவும் முறை

முதலில் புட்டியின் மேலட்டையில் மருந்தின் பெயர், செறிவு, காலாவதித் தேதி, தடவும் நேரம் ஆகியவற்றைப் படியுங்கள். புரியாவிட்டால் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

தலையில் புண், வெட்டுக்காயம், கொப்புளம் இருந்தால் லோஷனைத் தள்ளிப்போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். புண்பட்ட தோல் மருந்தை மிகுதியாக உறிஞ்சும்.

மருந்து தடவுபவர் கையுறை அணிவது நல்லது. குழந்தையின் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்துங்கள். மற்றொரு சிறு துண்டால் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்துத் தடவுங்கள்.

பின்னலை முழுவதும் அவிழ்த்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தலைத்தோலும் முடியின் அடிப்பகுதியும் நனையுமாறு தடவுங்கள். பிடரியிலும் காதுகளின் பின்புறமும் தொடங்கி உச்சிக்கு வாருங்கள். மேலட்டையில் அனுமதித்த அளவுக்குள், முடியின் நீளத்திற்கேற்ப முழுத் தலைக்கும் போதுமான மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் என்றால் 10 நிமிடம். மருந்து தடவிய தலையைப் பிளாஸ்டிக் உறையால் மூடக் கூடாது. குழந்தையைத் தனியே விட்டுச் செல்லவும் கூடாது.

அலசும்போது குழந்தையை முன்பக்கம் குனியவைத்துத் தலையை மட்டும் அலசுங்கள். உடல் முழுவதும் மருந்துநீர் வழியாதிருக்க இதுவே வழி. சுடுநீர் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை உள்ளிழுக்கும் என்பதால் வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரே போதும். பின்னர் பேன் சீப்பால் இறந்த பேன்களையும் ஈர்களையும் வாரி அகற்றுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு வகை லோஷன்களைப் பயன்படுத்தாதீர்கள். ஒரே மருந்தை முறைப்படி இரண்டு தவணை தடவியும் உயிருள்ள பேன் இருந்தால், மூன்றாம் முறை தடவாமல் மருத்துவரிடம் வாருங்கள். மீதமுள்ள மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தண்ணீர்ப் புட்டியிலோ எண்ணெய்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

பேன் போகாத எரிச்சலில் சில வீடுகளில் கையாளப்படும் முறைகள் பேனைவிடப் பன்மடங்கு ஆபத்தானவை. அன்பினால் செய்வதே ஆயினும் அவற்றின் விளைவை நாங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் காண நேர்கிறது.

மண்ணெண்ணெய்: தலைத்தோலைப் புண்ணாக்கும். அருகில் தீப்பொறி இருந்தால் தலை முழுவதும் பற்றிக்கொள்ளும்.

கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய்: கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. தோல்வழி மிகுதியாகச் சென்றாலும், கிண்ணத்தில் இருந்ததைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து.

பாச்சை உருண்டை: பொடித்து எண்ணெயில் கலப்பார்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். இக்குறைபாடு தங்கள் குழந்தைக்கு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது.

சீதாப்பழ விதைப் பொடி: நம் ஊர்களில் பரவலாகப் பயன்படுவது. பேனைக் கொல்லும் தன்மை அதற்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் அலசும்போது அது கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்படலத்தை அரித்துக் கடும் வலியையும் பார்வைக் கோளாறையும் உண்டாக்கும். கண் மருத்துவர்கள் இக்காயத்தை நன்கறிவார்கள்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் கரப்பான் மருந்தும்: "மாலத்தியான் என்பது பூச்சிமருந்துதானே, வயலுக்கு வாங்கியதையே தடவினால் என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மருந்தாகத் தயாரிக்கப்படுவது தூய்மை செய்யப்பட்டது. அதன் செறிவு 0.5% மட்டுமே. பயிருக்கானது அதைவிடப் பன்மடங்கு செறிவானது. வேறு நச்சுப் பொருள்களும் அதில் கலந்திருக்கும். அதைத் தலையில் தடவுவது உயிரையே பறிக்கக் கூடும்.

குடும்பம், வீடு, பள்ளி

ஒருவருக்குப் பேன் இருப்பது தெரிந்தால் வீட்டில் உள்ள அனைவரையும் அன்றே சோதியுங்கள். உயிருள்ள பேன் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து தடவுங்கள். ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்பவருக்குப் பேன் தென்படாவிட்டாலும் சிகிச்சை தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு முன்னெச்சரிக்கை என்று மருந்து போட வேண்டாம்.

கடந்த 2 நாட்களில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, போர்வை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தினால் போதும். சீப்புகளையும் ரிப்பன்களையும் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிப்பது தேவையற்றது, தீங்கானதும்கூட.

பேன் இருப்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரையும் இதுவே. பேன் கண்டுபிடிக்கப்படும் நாளில் அது பெரும்பாலும் பல வாரங்களாகவே தலையில் இருந்திருக்கும். ஒரு பிற்பகல் வீட்டுக்கு அனுப்புவதால் எதுவும் மாறாது. முடியை இறுகப் பின்னிக் கட்டுவதும், சீப்பைப் பகிராதிருப்பதும் போதும். மொட்டை அடிப்பதால் பேன் போகும் என்றாலும், குழந்தை விரும்பாதபோது அதைச் செய்வது சிகிச்சை ஆகாது. அவளுக்கு அது தண்டனையாகவே தோன்றும்.

உடனே மருத்துவரிடம் வர வேண்டிய நிலைகள்

தலையில் சீழ்க்கொப்புளம், பொருக்கு, பிடரியில் வலியுள்ள நெறிக்கட்டி, காய்ச்சல் ஆகியவை இருந்தால் பாக்டீரியத் தொற்று சேர்ந்திருக்கலாம்.

லோஷன் கண்ணில் பட்டால் ஓடும் தூய நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வாருங்கள். லோஷன் தடவிய பின் மூச்சுத்திணறல், முகவீக்கம், வாந்தி, மிகுந்த வியர்வை, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருந்தை உடனே அலசி, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தை மருந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு விரைந்து வாருங்கள்.

2 மாதத்திற்கு உட்பட்ட சிசுக்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வலிப்பு நோயுள்ளோர், ஆஸ்துமா உள்ளோர் ஆகியோர் எந்த லோஷனையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

மருந்தே இல்லாமல் சீப்பால் மட்டும் பேனை ஒழிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, 4 நாட்களுக்கு ஒருமுறை தலை முழுவதும் வார வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் இப்படிச் செய்து, அதன் பின்னர் வாரும்போது ஒரு பேனும் வராத நிலை வரும்வரை தொடர வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் நாங்கள் சொல்வது இதைத்தான்.

சிகிச்சை முடிந்தும் ஈர் தெரிகிறதே, என்ன செய்வது?

வெற்றுக்கூடு தானாக உதிராது. அதைச் சீப்பால் அகற்றுவது தோற்றத்திற்காக மட்டுமே. உயிருள்ள பேன் இல்லாதவரை மருந்து வேண்டாம்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

பெர்மெத்ரின் லோஷன் பெற்றுச் செல்வோர் வீட்டுச் சுவரில் உள்ள நாட்காட்டியில் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். மருந்து தடவிய நாளைப் பூச்சியம் என்று கொள்ளுங்கள். மறுநாள் காலை வாரிப் பார்த்து, பேன் இறந்ததா என்று அறிதல். பின்னர் 3 அல்லது 4 நாட்களுக்கு ஒருமுறை ஈரமுடியில் வாருதல். ஒன்பதாம் நாள் இரண்டாம் தவணை. பதினான்காம் நாளும் இருபத்தொன்றாம் நாளும் சோதனை. இருபத்தொன்றாம் நாள் உயிருள்ள பேன் இல்லையென்றால் சிகிச்சை முடிந்தது. வேறு மருந்து பெற்றவர்கள் தமக்கு எழுதித் தந்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறிப்பிட்ட சிறுமிக்கு லோஷன்களை நிறுத்தி, தலைத்தோலின் அழற்சிக்கு மட்டும் மருந்து தந்தோம். இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்கியது. வீட்டில் அனைவரையும் சோதித்ததில் பாட்டிக்கு மட்டும் உயிருள்ள பேன் இருந்தது. அவருக்கு முறைப்படி இரண்டு தவணை சிகிச்சை தரப்பட்டது. அவள் தலையில் பேன் இல்லை, வகுப்பில் மற்றவர்களோடு அமரலாம் என்று பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப என் ஃபிரெண்டு பக்கத்துலதான் உட்கார்றேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் மருந்துக்கு அடங்காத பேன் இருப்பதாகத் தோன்றினால், அடுத்த புட்டியை வாங்கும் முன் சீப்பையும் வெள்ளைத் துணியையும் எடுத்துப் பாருங்கள். பிறகு, இதுவரை பயன்படுத்திய எல்லாப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். என்ன தடவினீர்கள், எந்த நாளில் தடவினீர்கள் என்று நீங்கள் சொல்வதிலிருந்தே எங்கள் சிகிச்சை தொடங்கும்.